நரைக்கு என்ன அழைப்பு? கிறிஸ்தவ மரபில் பெண்ணின் முதுமை

விசுவாசமுள்ள ஒரு பெண் எப்படி மூப்படைய வேண்டும் என்ற கேள்விக்குச் சபையின் வயதே ஆகிறது. எருசலேமில் முதல் விசுவாசிகளிடையே எழுந்த மனத்தாங்கல்களில் ஒன்று விதவைகளைப் பற்றியது. அன்றாட உணவுப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசும் விதவைகள் விடுபட்டுப் போகிறார்கள் என்ற குறை அப்போஸ்தலருடைய நடபடிகள் 6ஆம் அதிகாரத்தில் பதிவாகியிருக்கிறது. ஏழு பேரைப் பொறுப்பில் அமர்த்தி அந்தக் குறையைத் தீர்த்தார்கள். அங்கே கேள்வி சோற்றைப் பற்றியது.

இன்று நம் சபைகளில் அதே கேள்வி வேறு உருவில் வருகிறது. முறுமுறுக்காமல், யாருக்கும் பாரமாகாமல், ஜெபத்தோடும் இன்முகத்தோடும் முதுமையைக் கடப்பது எப்படி என்று பெண்கள் ஐக்கியக் கூட்டங்களிலும் கன்வென்ஷன் மேடைகளிலும் பேசுகிறார்கள். சோற்றிலிருந்து சுபாவத்துக்குக் கேள்வி நகர்ந்திருக்கிறது. இந்த நகர்வில் சபை சுமக்க வேண்டிய பொறுப்பில் ஒரு பகுதி மெல்ல மெல்ல மூதாட்டியின் தோளிலேயே இறக்கி வைக்கப்பட்டதோ என்ற ஐயம், இதுவரை சொல்லப்பட்ட விடைகளைச் சேர்த்து வாசிக்கும்போது வலுக்கிறது. அந்த விடைகள் எங்கே பிறந்தன, எங்கே தடுமாறுகின்றன என்பதைப் பார்ப்போம்.

விதவைகளின் பட்டியல்

புதிய ஏற்பாட்டில் முதிய பெண்ணைப் பற்றி மிக விரிவாகப் பேசும் பகுதி தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் நிருபத்தின் 5ஆம் அதிகாரம். விதவைகளின் பட்டியல் ஒன்றை அது குறிப்பிடுகிறது; அதில் சேர நிபந்தனைகளும் விதிக்கிறது. வயது 60க்குக் குறையக் கூடாது. ஒரு முறை மட்டுமே மணமானவளாக இருக்க வேண்டும். பிள்ளைகளை வளர்த்ததற்கும், வந்தவரை உபசரித்ததற்கும், விசுவாசிகளின் கால்களைக் கழுவியதற்கும், துன்பத்தில் இருந்தவர்களுக்குக் கைகொடுத்ததற்கும் சாட்சி வேண்டும். பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இருந்தால் அவர்களே தாங்க வேண்டும். யாருமற்றவளையே சபை தாங்க வேண்டும்.

இது உதவி பெறுவோரின் பட்டியலா, ஊழியம் செய்வோரின் பட்டியலா என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. பசிக்கு உதவுவதற்கு நற்செயல்களின் சாட்சி ஏன் கேட்க வேண்டும் என்பது ஒரு பக்க வாதம். குடும்பத்தார் தாங்கட்டும், சபைக்குப் பாரம் வேண்டாம் என்று பேச்சு முழுவதும் செலவைச் சுற்றியே இருக்கிறதே என்பது மறுபக்க வாதம். இரண்டும் கலந்தே இருந்திருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. முதிய பெண் ஒரே சமயத்தில் உதவி பெறுபவளாகவும் ஊழியம் செய்பவளாகவும் இருக்க முடியும் என்று அந்தச் சபை நினைத்திருந்தால், பின்னால் வந்த பல விடைகளைவிட அது முதிர்ந்த விடை.

உதவியின் அளவும் சிறியதல்ல. 251ஆம் ஆண்டையொட்டி ரோமாபுரியின் பேராயர் கொர்நேலியு எழுதிய கடிதத்தை வரலாற்றாசிரியர் யூசேபியு காத்து வைத்திருக்கிறார். ரோமாபுரிச் சபை 1,500க்கும் மேற்பட்ட விதவைகளையும் துன்பத்தில் இருந்தவர்களையும் பராமரித்தது என்று அது சொல்கிறது. அரசின் அங்கீகாரம் இல்லாத, துன்புறுத்தலுக்கு ஆளான ஒரு சமூகம் செய்த வேலை இது.

அசையாத பலிபீடம்

உதவிக்கு ஈடாக என்ன எதிர்பார்க்கப்பட்டது? ஜெபம். இரண்டாம் நூற்றாண்டில் பொலிகார்ப், பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தில் விதவைகளைத் தேவனுடைய பலிபீடத்துக்கு ஒப்பிட்டார். மிக உயர்ந்த மரியாதை அது. ஆனால் மூன்றாம் நூற்றாண்டில் சிரியாவில் உருவானதாகக் கருதப்படும் ‘டிடஸ்காலியா’ என்ற சபை ஒழுங்கு நூல் அதே ஒப்புமையை வேறு பக்கம் திருப்பியது. பலிபீடம் இருந்த இடத்தை விட்டு அலைவதில்லை. ஆகவே விதவையும் வீடு வீடாகச் சுற்றாமல் தன் வீட்டில் இருந்து ஜெபிக்க வேண்டும் என்றது. கற்பிக்கவும் ஞானஸ்நானம் கொடுக்கவும் அவளுக்கு அனுமதி இல்லை. விசுவாசத்தைப் பற்றி யாராவது கேட்டால் மூப்பர்களிடம் அனுப்பிவிட வேண்டும்.

இந்த இடத்தில் லூக்கா சுவிசேஷத்தின் அன்னாளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆசேர் கோத்திரத்தவள், பானுவேலின் மகள். ஏழு ஆண்டுகள் மட்டும் கணவனோடு வாழ்ந்தவள். அவளைப் பற்றிய 84 என்ற எண் அவளுடைய வயதா, விதவையாக வாழ்ந்த ஆண்டுகளா என்பதை மூலத்திலிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது. அவள் உபவாசத்தோடும் ஜெபத்தோடும் ஆலயத்தை விட்டு நீங்காமல் இருந்ததைத்தான் மரபு எடுத்துக்கொண்டது. லூக்காவோ அவளைத் தீர்க்கதரிசி என்கிறார். மீட்புக்காகக் காத்திருந்த எல்லோரிடமும் குழந்தை இயேசுவைப் பற்றி அவள் பேசினாள் என்கிறார். சபை ஒழுங்கு நூல் விதவைக்குத் தடுத்த செயலே அது. சிமியோன் சொன்னவற்றை வரிவரியாக எழுதிய லூக்காவும் அன்னாள் என்ன பேசினாள் என்பதை எழுதவில்லை. மௌனமாக ஜெபிக்கும் மூதாட்டி என்ற பிம்பம் ஊன்ற அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

ஜெபத்தை அழைப்பாகக் காணும் விடைக்கு ஆழமான வடிவம் தந்தவர் அகுஸ்தீன். 410இல் ரோமாபுரி சூறையாடப்பட்ட பிறகு ஆப்பிரிக்காவுக்கு வந்து சேர்ந்த செல்வந்த விதவை புரோபா, எப்படி ஜெபிப்பது என்று கேட்டதற்கு அவர் ஏறத்தாழ 412இல் எழுதிய பதில் புகழ்பெற்றது. செல்வம் எவ்வளவு இருந்தாலும் இவ்வுலகில் தான் ஆதரவற்றவள் என்று உணர்ந்து ஜெபிக்கும்படி அவளுக்கு அவர் சொல்கிறார். அந்த நிலையை உணர்ந்த ஆத்துமா எதுவும் விதவையின் இடத்தில்தான் நிற்கிறது என்று விளக்குகிறார். முதிய விதவை இங்கே சபையின் ஓரத்தில் இல்லை. முழுச் சபைக்கும் அவளே முன்மாதிரி. குறை என்னவென்றால், செல்வமுள்ள புரோபாவுக்கு ஆதரவின்மை ஓர் ஆவிக்குரிய பயிற்சி. கையில் காசில்லாத விதவைக்கு அது அன்றாட நிலைமை. அவளிடம் இதே அறிவுரையைச் சொன்னால் அதன் பொருள் மாறிவிடுகிறது.

நரையும் உடையும்

அடுத்த விடை தோற்றத்தைப் பற்றியது. பேதுருவின் முதல் நிருபம் பின்னல், பொன்னாபரணம், ஆடை ஆகியவற்றைவிட உள்ளத்தின் அழகையே பெண்ணுக்கு அலங்காரமாகச் சொல்கிறது. இதற்கு உதாரணமாக அது காட்டுவது முதிர்வயதில் தாயான சாராளின் தலைமுறைப் பெண்களை. நீதிமொழிகள் நரையை மகிமையான கிரீடமாகப் பார்க்கிறது. இவற்றிலிருந்து தெர்த்துல்லியன், மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தையொட்டி, கடுமையான முடிவுக்கு வந்தார். ஒரு மயிரையும் வெண்மையாக்கவோ கருமையாக்கவோ மனிதனால் முடியாது என்று இயேசு சொல்லியிருக்க, நரைக்குச் சாயமிடுபவள் அவர் சொல்லை மறுக்கிறாள் என்பது அவருடைய வாதம்.

வயதை மறைக்கச் சந்தை கொடுக்கும் நெருக்கடி கூடியிருக்கும் காலத்தில் இந்த விடையின் ஒரு பாதி பெரும் விடுதலை. முகச்சுருக்கத்துக்கு வெட்கப்பட வேண்டியதில்லை என்று ஒரு பெண்ணிடம் யாராவது சொல்லத்தான் வேண்டும். மறுபாதி எளிதில் உடைச்சட்டமாகிவிடுகிறது. நகை களைவதையும் வெள்ளுடை உடுத்துவதையும் விசுவாசத்தின் அடையாளமாகக் கொள்ளும் சில பெந்தெகொஸ்தே சபைகளைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். அந்த எளிமையைத் தாங்களே மனமுவந்து தேர்ந்துகொண்ட மூதாட்டிகள் பலர் உண்டு. அதை மதிக்க வேண்டும். ஆனால் பிறர் அளக்கும் அளவுகோலாக அது மாறும்போது என்ன ஆகும் என்பதை 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலேயே ஒரு மூதாட்டி எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

குவேக்கர் இயக்கத்தின் தாய் எனப்பட்ட மார்கரெட் ஃபெல் 1614இல் பிறந்தவர். பெண்கள் சபையில் பேசலாம் என்று வேத ஆதாரத்தோடு வாதாடும் நூலை 1666இல் வெளியிட்டவர். விசுவாசத்துக்காகச் சிறையில் கிடந்தவர். குவேக்கர் பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரி மங்கிய உடை உடுத்த வேண்டும் என்ற கட்டாயம் வளர்ந்தபோது, 1700இல், எண்பதுகளின் நடுவில் இருந்த அவர் அதை எதிர்த்து எழுதினார். எல்லோரும் ஒரே நிறத்தில் ஒரே உடை உடுத்துவதைச் சுவிசேஷம் என்பது அற்பத்தனம் என்பது அவருடைய கருத்து. இளையவர்கள் இறுக்கிய கட்டை அவிழ்க்க முதியவள் முன்வந்தாள். முதுமையில் பெண் கட்டுப்பெட்டியாகிவிடுவாள் என்ற பொதுஎண்ணத்துக்கு இதைவிட நல்ல மறுப்பு தேட வேண்டியதில்லை.

அவருக்கு ஐந்து நூற்றாண்டுகள் முந்தியவர் பிங்கன் ஊர் மடத்தலைவி ஹில்டெகார்ட். 1178இல், 80 வயதில், தன் மடத்தின் கல்லறைத் தோட்டத்தில் ஒரு பிரபுவை அடக்கம் செய்ய அனுமதித்தார். அந்த மனிதர் சபைநீக்கம் செய்யப்பட்டவர், உடலைத் தோண்டி வெளியே எடுங்கள் என்று மைன்ஸ் நகரத் திருச்சபை அதிகாரிகள் கட்டளையிட்டார்கள். இறக்குமுன் அவர் ஒப்புரவாகிவிட்டார் என்று சொல்லி ஹில்டெகார்ட் மறுத்தார். தண்டனையாக மடத்தில் நற்கருணையும் பாட்டும் நிறுத்தப்பட்டன. பாடலுக்காகவே வாழ்ந்த கன்னியர் தாழ்ந்த குரலில் ஜெபங்களை வாசிக்க மட்டுமே முடிந்தது. தேவனைத் துதிக்கும் இசையை அடக்குவது எவ்வளவு பெரிய தவறு என்று விளக்கி அவர் அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். 1179 மார்ச்சில் தடை நீங்கியது. செப்டம்பரில் அவர் இறந்தார். சாந்தம் என்பதற்கு வாய்மூடி இருத்தல் என்று பொருள் கொள்பவர்கள் இந்தக் கடைசி ஆண்டைக் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும்.

பயன் என்ற அளவுகோல்

நம் சபைகளில் இன்று மேலோங்கி நிற்கும் விடை தீத்துவுக்கு எழுதப்பட்ட நிருபத்தின் 2ஆம் அதிகாரத்திலிருந்து வருகிறது: முதிய பெண்கள் இளம்பெண்களுக்கு நல்லதைப் போதிக்க வேண்டும். புராட்டஸ்டன்ட் நாடுகளில் கன்னியர் மடங்கள் மூடப்பட்டபோது பெண்ணின் ஊழியக்களம் பெரிதும் வீட்டுக்குள் வந்தது. பாட்டியின் மடி முதல் வேதபாடசாலை ஆனது. தமிழகத்தில் இதற்கு வீட்டுக்கு வெளியேயும் ஒரு வடிவம் உண்டானது. 19ஆம் நூற்றாண்டு முதல் மிஷன்கள் சம்பளம் கொடுத்து அமர்த்திய ‘பைபிள் உமன்’களில் விதவைகள் கணிசமாக இருந்தார்கள். எழுத்தும் வேதமும் கற்றுக்கொண்டு, வீட்டை விட்டு வெளியே வராத பெண்களைத் தேடிச் சென்று வாசித்துக் காட்டியவர்கள் இவர்கள். விதவையைக் கண்டால் அபசகுனம் என்று விலகிய தெருக்களில் ஒரு விதவை புத்தகத்தோடு நடந்தாள். அந்த மாற்றத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது.

ஆனால் பயனே அளவுகோல் என்றால், பயன்பட முடியாத நாளில் என்ன செய்வது? இதே சிக்கல் முதுமையியலிலும் உண்டு. 1961இல் எலெய்ன் கம்மிங்கும் வில்லியம் ஹென்றியும், முதியவர் சமூகத்திலிருந்து படிப்படியாக விலகுவது இயல்பு, இரு தரப்புக்கும் நல்லது என்றார்கள். அதற்கு எதிர்வினையாகச் சுறுசுறுப்பை வலியுறுத்தும் போக்கு வலுத்தது. 1987இல் ஜான் ரோவும் ராபர்ட் கானும் முன்வைத்த ‘வெற்றிகரமான முதுமை’ என்ற கருத்து பின்னர் மூன்று கூறுகளாக விரிந்தது: நோயும் உடல்குறையும் குறைவாக இருத்தல், உடலும் மனமும் திறனோடு இயங்குதல், வாழ்வில் ஈடுபாடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மூட்டுவலியால் கோயில் படியேற முடியாதவளும் பக்கவாதத்தில் விழுந்தவளும் இந்தக் கணக்கில் தோற்றவர்கள் ஆகிறார்கள் என்ற விமர்சனம் முதுமையியலுக்குள்ளேயே எழுந்தது.

ஆராதனைக்குத் தவறாமல் செல்லும் முதியவர்களிடம் மனச்சோர்வு குறைவு, ஆயுள் கூடுதல் என்று காட்டும் ஆய்வுகளையும் இங்கே நிதானமாகவே கையாள வேண்டும். டியூக் பல்கலைக்கழகத்தின் ஹரால்ட் கோனிக் போன்றவர்கள் இத்துறையில் நிறைய எழுதியிருக்கிறார்கள். தொடர்பு இருப்பது பல ஆய்வுகளில் தெரிகிறது. ஆனால் நடக்கத் தெம்புள்ளவர்களே ஆலயத்துக்கு வருகிறார்கள். ஆரோக்கியம் வருகைக்குக் காரணமா, வருகை ஆரோக்கியத்துக்குக் காரணமா என்று முழுமையாகப் பிரித்துச் சொல்வது கடினம். விசுவாசத்தை ஒரு சத்து மாத்திரையைப் போலப் பரிந்துரைப்பது விசுவாசத்துக்கும் நியாயம் செய்யவில்லை.

தோனாவூரின் அறை

இந்த இடத்தில் ஏமி கார்மைக்கேலின் கடைசி இருபது ஆண்டுகள் கவனத்துக்குரியவை. 1867இல் அயர்லாந்தின் வடபகுதியில் பிறந்து 1895இல் இந்தியாவுக்கு வந்தவர். திருநெல்வேலிச் சீமையின் தோனாவூரில், கோயில்களுக்கு விடப்படும் ஆபத்திலிருந்த குழந்தைகளுக்கு இல்லம் நடத்தி, எல்லோருக்கும் ‘அம்மா’ ஆனவர். 1931 அக்டோபரில் களக்காட்டில் வாடகைக்கு எடுத்த ஒரு வீட்டைப் பார்க்கப் போனவர், மங்கிய வெளிச்சத்தில் புதிதாக வெட்டியிருந்த குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அப்போது வயது 63. அதன் பிறகு 1951 ஜனவரியில் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே வாழ்ந்தார்.

அந்தப் படுக்கையிலிருந்து அவர் எழுதிய ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’ 1933இல் வெளிவந்தது. நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்லி நலமாக இருப்பவர்கள் எழுதும் துண்டுப்பிரதிகள் தனக்கு உதவவில்லை என்று அதில் வெளிப்படையாகச் சொல்கிறார். நோயாளிக்கு நோயாளியே எழுத வேண்டும் என்பது அவர் நிலை. முதுமையைப் பற்றிய பிரசங்கங்களில் பெரும்பகுதியை இளையவர்களும் நடுவயதினரும்தான் செய்கிறார்கள் என்பதை நினைத்தால் அந்தச் சொல்லின் கூர்மை புரியும். தன் கல்லறையில் கல் வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்ததால், பறவைகள் நீர் குடிக்கும் தொட்டி ஒன்றை வைத்து அதில் ‘அம்மா’ என்று மட்டும் பொறித்தார்கள்.

இந்த வாழ்க்கையை முதுமைக்கு மாதிரியாக வைப்பதில் இரண்டு தயக்கங்கள் உண்டு. ஒன்று, படுக்கையிலும் அவர் நூல் நூலாக எழுதினார். பயன் என்ற அளவுகோல் இங்கேயும் பின்வாசல் வழியாக நுழைந்துவிடுகிறது. இன்னொன்று, இரவும் பகலும் பார்த்துக்கொள்ளத் தோனாவூர்க் குடும்பம் முழுவதும் அவரைச் சூழ்ந்திருந்தது. அந்தச் சூழல் இல்லாத ஒரு மூதாட்டியிடம் அவருடைய பொறுமையை மட்டும் எதிர்பார்ப்பது நீதியாகாது.

ஆங்கிலிக்கன் குருவான டபிள்யூ.ஹெச். வான்ஸ்டோன் 1982இல் எழுதிய ‘தி ஸ்டேச்சர் ஆஃப் வெயிட்டிங்’ இதற்கு ஓர் இறையியல் வழி காட்டுகிறது. கெத்செமனே வரை செயல்பட்ட இயேசு, பிடிபட்ட பிறகு பிறர் தம்மீது செய்வதை ஏற்பவர் ஆகிறார்; மீட்பு நிறைவேறியது அந்த இரண்டாம் நிலையில். ஆகவே பிறர் கையை எதிர்பார்த்திருப்பது மனித மாண்பின் குறைவல்ல என்பது அவர் வாதம். முதியோருக்கு இது உண்மையான ஆறுதல். ஆயினும் பெண்களைப் பொறுத்தவரை வேறொரு கேள்வி எழும். இறையியலாளர் வாலரி சேவிங் 1960இல் எழுதிய கட்டுரையில், ஆணவத்தையே மூலப்பாவமாகக் காணும் இறையியல் ஆண்களின் அனுபவத்திலிருந்து வருகிறது என்றார். பல பெண்களின் சோதனை தன்னைத் தொலைத்துவிடுவதுதான் என்றார். ஐம்பது ஆண்டுகள் எல்லோரும் உண்ட பிறகு மிஞ்சியதை உண்டவளிடம் ‘இனியும் விட்டுக்கொடு’ என்பது சுவிசேஷமாகுமா? அவளுக்குப் பெற்றுக்கொள்ளக் கற்றுத்தருவதே கடினமான சீஷத்துவமாக இருக்கலாம்.

முறையிடும் உரிமையும் இதோடு சேரும். ரூத் புத்தகத்தின் நகோமி கணவனையும் இரு மகன்களையும் பறிகொடுத்துப் பெத்லகேம் திரும்பி, சர்வவல்லவர் தனக்குக் கசப்பையே செய்தார் என்று ஊர்ப்பெண்கள் முன்னால் சொல்கிறாள். அந்தப் புத்தகத்தில் யாரும் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. இன்முகம் காட்டும் முதுமையே விசுவாசமுள்ள முதுமை என்போர் நகோமியை எங்கே வைப்பார்கள் என்பது தெரியவில்லை.

சொத்து என்ற அடித்தளம்

ஆவிக்குரிய எழுத்துகள் அநேகமாகத் தொடாத ஒன்று பணம். திருவிதாங்கூரின் 1916ஆம் ஆண்டுக் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி, உயில் இல்லாத சொத்தில் மகளுக்கு மகனின் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது கிடைத்தது. விதவையின் உரிமை அவள் சாகும்வரை அல்லது மறுமணம் செய்யும்வரைதான். மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் ஏற்கெனவே நீக்கப்பட்டுவிட்டது, 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பைத் திருச்சபைகள் வரவேற்றதைவிட எதிர்த்ததே அதிகம் நினைவிருக்கிறது. விதவைகளின் உணவுப் பங்கீட்டை நேர்செய்ய ஏழு பேரை அமர்த்திய ஒரு சமூகத்தின் வழிவந்தவர்களுக்கு இது வருத்தமான பதிவு.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கோர அது வழி செய்தது. சட்டம் இருந்தும் மகன்மீது மனுப்போடத் தயங்குகிறவர்கள் பலர். அப்படி மனுப்போடுவது பொறுமைக்கு விரோதம் என்று போதிப்பதா, நியாயாதிபதியின் வாசலை விடாமல் தட்டிய விதவையை இயேசு ஜெபத்துக்கே உதாரணமாகச் சொன்னதை நினைவூட்டுவதா? இரண்டாவதற்கே வேத ஆதாரம் வலுவாக இருக்கிறது என்று நினைக்கிறேன்.

திறந்திருப்பவை

அண்மைக்கால எழுத்துகள் சில இடைவெளிகளை நிரப்பியிருக்கின்றன. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1999இல் முதியோருக்கு எழுதிய மடல், முதியவராக நின்று முதியவர்களோடு பேசுகிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2022இல் முதுமையைப் பற்றித் தொடர்ந்து மறைக்கல்வி உரைகள் ஆற்றினார். நகோமியும் யூதித்தும் அவற்றில் இடம்பெற்றார்கள். 105 வயதுவரை வாழ்ந்து, தன் பணிப்பெண்ணுக்கு விடுதலை கொடுத்து, சொத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டு இறந்த யூதித்தின் முடிவு, படைத்தலைவனைக் கொன்ற கதையின் நிழலில் மறைந்தே கிடந்தது.

விடை மிகக் குறைவாக இருப்பது மறதிநோயின் முன்னால். ஜெபிப்பவள், போதிப்பவள், பொறுமையாகக் காத்திருப்பவள் ஆகிய மூவருக்கும் நினைவு தேவை. தான் விசுவாசி என்பதையே மறந்தவளுக்கு இந்த விடைகள் எட்டுவதில்லை. மறதிநோய் ஆய்வாளர் டாம் கிட்வுட் 1997இல், மனிதத்தன்மை என்பது உறவில் ஒருவர் மற்றவருக்கு அளிக்கும் மதிப்பு என்றார். இறையியலாளர் ஜான் ஸ்வின்டன் 2012இல் அதைக் கடந்து, மனிதர் மறந்தாலும் தேவன் அவளை நினைத்திருப்பதே அவளுடைய அடையாளம் என்றார். இறையியலாக இது பலமானது. அன்றாடத்தில் அவளை நினைத்திருப்பது யார் என்றால், பெரும்பாலும் தானும் அறுபதைத் தொட்ட ஒரு மகளோ மருமகளோதான். அவளுக்குச் சபை என்ன செய்யும் என்பதை இந்த இறையியல் இன்னும் போதுமான அளவு சொல்லவில்லை.

மணமாகாமல் ஆசிரியையாக, செவிலியராக, ஊழியராக உழைத்து ஓய்வுபெற்ற பெண்களின் முதுமையும் தனிக் கவனம் பெறவில்லை. விதவையையும் பாட்டியையும் மனதில் வைத்து எழுதப்பட்ட போதனைகள் பேரப்பிள்ளை இல்லாத இவர்களுக்கு ஓரளவே பொருந்துகின்றன. யாருமற்றவளைச் சபையே தாங்க வேண்டும் என்ற முதல் நூற்றாண்டின் விதி இவர்களுக்கும் பொருந்துமா, பொருந்தினால் மாதாந்தரத் தொகையாகவா, தங்குமிடமாகவா, தினமும் கதவைத் தட்டும் ஓர் ஆளாகவா என்பது ஒவ்வொரு சேகரமும் தன் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேச வேண்டிய கேள்வியாக நிற்கிறது.